முன்பே கேட்ட வழக்கு

நியாயஸ்தலத்துக்குப் போகிறவன் எதை வேண்டிப் போகிறான் என்று கேட்டால், நியாயத்தை வேண்டி என்று விடை சொல்வதே நம்மிடையே மரபு; ஆயினும் முன்சீப் கோர்ட்டு வராந்தாவில் வருஷக்கணக்காக வாய்தா எண்ணிக்கொண்டிருக்கும் வாதியையோ பிரதிவாதியையோ அருகிலிருந்து கவனித்தவர்களுக்கு, நியாயத்துக்கு இணையாக, சில சமயம் அதற்கும் மேலாக, அவர்கள் வேண்டுவது ஒரு முடிவையே என்பது விரைவில் விளங்கிவிடும். முடிவு தனக்கு அனுகூலமாக வரவேண்டும் என்பது ஒருவனுடைய ஆசை. ஏதாவதொரு முடிவு வந்து அதோடு விவகாரம் ஓயவேண்டும் என்பது அவனுடைய குடும்பத்தின் தேவை. ஆசை தேவையை மிஞ்சும்போது, தோற்ற வழக்கே வேறு எண்ணோடும் வேறு தலைப்போடும், பிரதிவாதியாக நின்றவர் வாதியாக இடம் மாறியும், மறுபடி கோர்ட்டுப் படி ஏறுகிறது. அப்படி ஏறுகிற வழக்கை வாசலிலேயே நிறுத்தவேண்டும் என்பது சட்டத்தின் மிகப் பழைய விதிகளில் ஒன்று. அவ்வாறு நிறுத்தும் அதிகாரம் நியாயஸ்தலத்துக்கு எங்கிருந்து வருகிறது என்பதே இங்கே என் விசாரம்.

முன்தீர்ப்புத் தடை என்று தமிழில் வழங்கும் இவ்விதி, 1859-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்திலேயே இடம்பெற்று, இன்று நடப்பிலுள்ள 1908-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 11-ஆம் பிரிவாக நிற்கிறது. அதே விஷயம், அதே கட்சிகளுக்கோ அவர்கள் வழிப் பாத்தியதை கொண்டாடுபவர்களுக்கோ இடையில், அதே உரிமையின் பேரில், தகுதியுள்ள நீதிமன்றத்தால் கேட்கப்பட்டு இறுதியாகத் தீர்மானிக்கப்பட்டிருந்தால், அதை இன்னொரு வழக்கில் மறுபடி விசாரிக்கலாகாது என்பது அதன் சாரம். அப்பிரிவின் நான்காம் விளக்கம் இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. முதல் வழக்கிலேயே சொல்லியிருக்கக்கூடிய, சொல்லியிருக்கவும் வேண்டிய ஒரு வாதத்தை ஒருவன் சொல்லாமல் விட்டிருந்தால், அதுவும் சொல்லப்பட்டுத் தள்ளப்பட்டதாகவே கொள்ளப்படும். ஆகவே, கையிலிருக்கும் அஸ்திரங்களில் ஒன்றிரண்டை அடுத்த யுத்தத்துக்கென்று ஒளித்துவைக்கும் உரிமை எவருக்கும் இல்லை.

ஆங்கிலேயர் கொண்டுவந்து புகுத்திய புதுமை இது என்று எண்ணுவதற்கில்லை. மிதாக்ஷரம் முதலிய நம் பழைய தர்மசாஸ்திர வியாக்கியானங்கள், பிரதிவாதி சொல்லக்கூடிய உத்தரங்களை நான்காக வகுக்கின்றன: ஒப்புக்கொள்ளுதல், மறுத்தல், உண்மைதான் ஆனால் அதற்கொரு காரணம் உண்டு என்று விலக்கிக் கூறுதல், நான்காவதாக, இவ்விஷயத்தில் நீ முன்பே தோற்றாய் என்று சொல்லுதல். இந்த நான்காவதற்குப் பிராங்நியாயம் என்று பெயர். 1916-இல் லண்டன் பிரிவி கௌன்சிலில் தீர்ப்புரைத்த ஸர் லாரன்ஸ் ஜென்கின்ஸ், இவ்விதி எந்தவொரு தேசத்தின் தனிச்சொத்துமல்ல, ஹிந்து நியாய சாஸ்திரிகளும் நன்கறிந்ததே என்பதைக் காத்தியாயனருடைய வசனத்தை எடுத்துக்காட்டியே நிலைநாட்டினார்.

யாக்ஞவல்கிய ஸ்மிருதி இதில் காட்டும் நுட்பம் தனியே கவனிக்கத்தக்கது. நியாயமாகத் தோற்ற பிறகும், நான் தோற்கவில்லை என்று கருதி மீண்டும் வருகிறவனை மறுபடி தோற்கடித்து, அவனுக்கு இரு மடங்கு தண்டம் விதிக்க வேண்டும் என்று அது ஒரு சுலோகத்தில் சொல்லுகிறது. அதற்கு முந்திய சுலோகமோ, தவறாகத் தீர்க்கப்பட்ட வழக்கை அரசன் திரும்ப விசாரித்து, அவ்வாறு தீர்த்த சபையோருக்கும் அதனால் ஜெயித்தவனுக்கும் இரு மடங்கு தண்டம் விதிக்க வேண்டும் என்கிறது. வீண்பிடிவாதத்துக்கு என்ன விலையோ, அதே விலை கவனமற்ற தீர்ப்புக்கும் உண்டு. பிற்காலச் சட்டங்கள் முதற்பாதியைப் பத்திரமாக வைத்துக்கொண்டு இரண்டாவது பாதியைச் சௌகரியமாக மறந்துவிட்டன என்று எனக்குத் தோன்றுவதுண்டு. முதற்பாதியிலும் தண்டத்தின் கனம் குறைந்துவிட்டது: பொய்யான, தொல்லைப்படுத்தும் வழக்குக்காக ஈட்டுச் செலவுத்தொகை வழங்கச் சொல்லும் 35-ஏ பிரிவு, வணிக வழக்குகள் நீங்கலாக, மூவாயிரம் ரூபாய்க்கு மேல் போக இன்றுவரை அனுமதிப்பதில்லை.

இவ்விதிக்கு வழக்கமாக இரண்டு நியாயங்கள் கூறப்படுகின்றன. ஒரே காரணத்துக்காக ஒருவனை இரண்டு முறை அலைக்கழிக்கலாகாது என்பது ஒன்று. வழக்குகளுக்கு ஓர் எல்லை இருப்பது நாட்டுக்கு க்ஷேமம் என்பது மற்றொன்று. இரண்டும் மறுக்கமுடியாதவையே; ஆனால் தோற்றவன் கேட்கும் ஒரே கேள்விக்கு இவ்விரண்டிலும் விடை இல்லை. முதல் தீர்ப்பே தப்பாக இருந்தால் என்ன செய்வது என்பது அவன் கேள்வி. தப்பாயிருந்தாலும் அது கட்டுப்படுத்தும் என்பதுதான் சட்டத்தின் உள்ளபடியான விடை. சட்டப் பொருளில் மட்டுமே எழும் பிழைகளுக்குச் சில விலக்குகள் இருந்தாலும், நடந்தது என்ன என்பதைப் பற்றிய முடிவில் பிழை நேர்ந்திருந்தால் அதைத் திருத்த அப்பீல் உண்டு, மறுஆய்வு உண்டு. அந்தப் படிகளும் தீர்ந்த பிறகு பிழையும் முடிவின் ஒரு பாகமாகிவிடுகிறது. இரண்டு நிலங்களுக்கு நடுவே நட்ட எல்லைக்கல் ஒரு சாண் தள்ளியே இருந்தாலும், அது அசையாமல் நிற்கிறது என்ற நம்பிக்கையின் மேல்தான் இருபுறத்தாரும் ஏர் பூட்டுகிறார்கள். போகத்துக்குப் போகம் அதைப் பிடுங்கி நடும் ஊரில் வரப்புச் சண்டையைத் தவிர வேறு விளைச்சல் இராது. எனினும், அந்தக் கல்லை நடும்போது இரு திறத்தாரையும் அழைத்தார்களா என்ற கேள்வி ஒன்று எஞ்சி நிற்கிறது. எல்லாம் அந்தக் கேள்வியில்தான் தங்கியிருக்கிறது என்பதற்குச் சிவகங்கை ஜமீன் வழக்கைக் காட்டிலும் சிறந்த சாட்சியம் எனக்குத் தெரிந்தவரை இல்லை.

மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட 1801-இல், கம்பெனியார் சிவகங்கைச் சீமையைக் கௌரி வல்லப பெரிய உடையத் தேவருக்கு வழங்கினார்கள். அவர் 1829-இல் ஆண் சந்ததியின்றிக் காலமானார். மனைவியரும் பெண்மக்களும் இருந்தார்கள். பிரியாத ஒரே குடும்பம் என்ற பாத்தியதையின் பேரில் அவருடைய அண்ணன் வழியார் ஜமீனைக் கைப்பற்றிக்கொண்டனர். குடும்பம் பிரியாததாகவே இருந்தாலும், ஜமீன் மட்டும் இறந்தவரின் சுயார்ஜிதம் ஆகையால் அது அவருடைய மனைவிக்கும் பிறகு பெண்ணுக்குமே சேரவேண்டும் என்பது எதிர்க்கட்சி. இந்த ஒரு பிரச்சினை பல வழக்குகளாகக் கிளைத்தது. விதவைகளில் ஒருவரான அங்கமுத்து நாச்சியார் தொடுத்த வழக்கு 1847-இல் தள்ளுபடியாயிற்று. அவர் மேல்முறையீடு செய்து, அது முடிவதற்குள் 1850-இல் இறந்துபோனார்.

அவருக்குப் பின் உரிமை கோரியவர் இறந்த ஜமீன்தாரின் மகள் கட்டம நாச்சியார். ஒரு விதவைக்கு விரோதமாகப் பிறந்த தீர்ப்பு, அவ்வழக்கில் கட்சியாக இல்லாத மகளையும் கட்டுப்படுத்துமா? லண்டன் வரை சென்ற விவகாரத்தில் 1863-இல் பிரிவி கௌன்சில் தந்த விடை, இன்றளவும் ஹிந்து சட்டம் பயில்வோர் மேற்கோள் காட்டும் ஒன்றாக இருக்கிறது. விதவை தனக்கென்று மட்டும் வழக்காடுவதில்லை. அந்தச் சமயத்தில் சொத்து முழுவதற்கும் அவளே பிரதிநிதி. ஆகவே அவளுக்கு எதிராக நியாயமான விசாரணையின் பின் பிறந்த தீர்ப்பு, அவளுக்குப் பின் வரும் வாரிசுகளையும் கட்டுப்படுத்தும் என்று பிரபுக்கள் சொன்னார்கள். நியாயமான விசாரணை என்ற அந்த நிபந்தனையைத் தீர்ப்பிலிருந்து உருவிவிட்டால், மிஞ்சுவது வெறும் அதிகாரமே. பின்னே வரப்போகிறவர்களுடைய குரலும் அந்த ஒரு ஸ்திரீயின் குரலில் அடங்கிக் கேட்கப்பட்டாயிற்று என்று நம்ப இடம் இருந்தால்தான், அந்தத் தீர்ப்பு அவர்களைத் தொடரமுடியும்.

விதியை இவ்வளவு கடுமையாக வகுத்த அதே தீர்ப்பில்தான் கட்டம நாச்சியார் ஜெயித்தார் என்பது இவ்வழக்கின் விசேஷம். 1847-ஆம் வருஷத்துத் தீர்ப்பு மேல்முறையீட்டில் இருக்கும்போதே அங்கமுத்து நாச்சியார் இறந்துவிட்டபடியால், அது முடிந்த தீர்ப்பாக ஆகியிருக்கவில்லை, கதவு சாத்தப்படவில்லை, மகள் உள்ளே வந்தார், ஜமீன் சுயார்ஜிதமே என்று தீர்மானமாயிற்று. தகப்பனார் இறந்து முப்பத்துநான்கு வருஷங்களுக்குப் பிறகு கிடைத்த வெற்றி அது. அவருடைய விடாப்பிடியை நாம் எப்படிப் பார்ப்பது? தோற்றிருந்தால் வீண்வம்பு என்று உலகம் சொல்லியிருக்கும். ஜெயித்ததனால் தைரியம் என்கிறது. சட்டத்தின் பார்வை உலகத்தின் பார்வையைவிடச் சற்று நேர்மையானது. ஜெயமும் தோல்வியும் அதற்கு அளவுகோல் அல்ல; விஷயம் கேட்டு முடிக்கப்பட்டதா, இல்லையா என்பதைத்தான் அது பார்க்கிறது. கட்டம நாச்சியாருடைய வழக்கு அவர் கதவைத் தட்டியபோது கேட்டு முடிக்கப்பட்டிருக்கவில்லை. அவருக்குப் பிந்தியும் அந்த ஜமீனின் வாரிசுத் தாவாக்கள் 1881-இலும் 1896-இலும் பிரிவி கௌன்சிலை எட்டின என்பதைச் சொன்னால், ஒரு சாவு எத்தனை தலைமுறை வக்கீல்களுக்குப் பிழைப்பளிக்கும் என்பது புரியும்.

தீர்ப்பின் அறுதித்தன்மை அதைப் பெற்ற விதத்தைச் சார்ந்தது என்பதற்கு இங்கிலாந்திலும் ஒரு பிரசித்தமான உதாரணம் உண்டு. கிங்ஸ்டன் சீமாட்டி, முதற்கணவர் உயிரோடிருக்கையில் இரண்டாவது விவாகம் செய்துகொண்டார் என்ற குற்றத்துக்காக 1776-இல் பிரபுக்கள் சபையின் முன் நிறுத்தப்பட்டபோது, முதல் விவாகம் நடக்கவே இல்லை என்று மதநீதிமன்றம் ஒன்று முன்னரே அளித்திருந்த தீர்ப்பைக் கேடயமாக உயர்த்தினார். கேடயம் நிற்கவில்லை. முன்தீர்ப்பைப் பகர்ந்த நீதிமன்றம் தன் யோசனையில் பிழைபட்டது என்று காட்ட எவரையும் அனுமதிப்பதற்கில்லை. ஆனால் அந்த நீதிமன்றம் வஞ்சிக்கப்பட்டது என்று காட்ட எவரையும் தடுப்பதற்குமில்லை என்பது நீதிபதிகள் அன்று தந்த அபிப்பிராயத்தின் கருத்து. நம் 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 44-ஆம் பிரிவு இதையே விதியாக்கியது. நீதிபதி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தவறினால் அது மனித சுபாவம், பொறுத்துக்கொள்ளலாம். கேட்கவேண்டியதைக் கேட்கவிடாமல் மற்றொருவன் அவர் காதை அடைத்திருந்தால், அங்கே கேள்வியே நடக்கவில்லை.

பெரிய வழக்குகளின் நிலை இது. ஆனால் முன்சீப் கோர்ட்டிலும் சப் கோர்ட்டிலும் நாள்தோறும் நடப்பவை ஜமீன் வழக்குகளல்ல. ஒரு வழக்கின் வயிற்றுக்குள் பிறக்கும் இடைமனுக்களே அங்கே பெரும்பகுதி. வராத குற்றத்துக்காக ஒருதலைப்பட்சத் தீர்ப்பாணை பிறக்கும். அதை ரத்துச் செய்ய ஒரு மனு. அந்த மனுவைத் தாமதமாகப் போட்டதை மன்னிக்க இன்னொரு மனு. அது தள்ளுபடியானால் அதன்மேல் சீராய்வு. வழக்கு மீண்டும் எடுக்கப்பட்டால் பிராதைத் திருத்த ஒரு மனு, இடத்தைப் பார்வையிடக் கமிஷனர் வேண்டுமென்று ஒரு மனு, கமிஷனருடைய அறிக்கையை நீக்கவேண்டுமென்று ஒரு மனு, விசாரித்து முடித்த சாட்சியைத் திரும்ப அழைக்க ஒரு மனு. நாள் கடத்துவதொன்றே சில மனுக்களின் பிரயோஜனம். ஆயினும் எல்லாவற்றையும் அப்படித் தள்ளிவிட முடியாது; ஆகவே, சட்டம் இங்கே சற்று நெகிழ்ந்து கொடுக்கிறது. ஒரே வழக்கின் வெவ்வேறு கட்டங்களுக்கிடையிலும் முன்தீர்ப்பு விதி செல்லும் என்று 1960-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியது. ஆனால் இடைக்கால உத்தரவுகளில் பல, வழக்கு நடந்துகொண்டிருக்கும் வரைக்கும் காரியம் குலையாமல் காப்பதற்கென்றே பிறந்தவையாதலால், நிலைமை மாறினால் அவையும் மாறலாம் என்றும், நிலைமை மாறாமல் அதே காரணத்தின் பேரில் திரும்பத் திரும்ப வரும் மனு நீதிமன்ற நடைமுறையைத் துஷ்பிரயோகம் செய்வதாகும் என்றும் 1963-இல் விளக்கியது. ஜாமீன் மனுக்களிலும் இதே நியதிதான். இரண்டாம் முறை வருவது குற்றமல்ல. முதல் முறை இல்லாத ஒன்றைக் கொண்டுவராமல் வருவதே குற்றம்.

தீர்ப்பாணை பெற்ற பின்னும் கதை ஓய்வதில்லை. இந்திய வழக்காளியின் கஷ்டங்கள் அவன் டிக்ரி பெற்ற நாளிலிருந்துதான் ஆரம்பமாகின்றன என்ற கருத்தைப் பிரிவி கௌன்சில் வெளியிட்டது 1872-இல். அதற்கு நூற்றைம்பது வருஷம் கழித்தும் நிலைமை பெரிதும் மாறவில்லை. நிறைவேற்று மனுவோடு அமீனா போய் நிற்கும்போதுதான், அதுவரை எந்த வழக்கிலும் தலைகாட்டாத மைத்துனர் ஒருவர், இந்த வீட்டின் பின்கட்டு என்னுடையது என்று ஆட்சேபணை மனுவோடு தோன்றுகிறார். நிறைவேற்றக் கட்டத்துக்கும் முன்தீர்ப்பு விதி பொருந்தும் என்று 1976-ஆம் ஆண்டுத் திருத்தம் வெளிப்படையாக எழுதிவைத்தது. நிறைவேற்று மனுக்களை ஆறு மாதத்துக்குள் முடிக்கவேண்டும் என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டது. விதி எழுதப்படுவதும் விதி நடப்பதும் வேறு வேறு என்பதற்கு இவ்விடத்தைப் போல் பொருத்தமான இடம் இல்லை.

1977-இல் பெங்களூர் வாடகை வழக்கு ஒன்று உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. வெளியேற்றும் உத்தரவு உயர் நீதிமன்றம் வரை உறுதியாகி, காலி செய்ய அவகாசமும் வாங்கிக்கொண்ட பிறகு, அந்த உத்தரவே மோசடியால் பெற்றது என்று சொல்லி முன்சீப் கோர்ட்டில் புதிதாக வழக்குப் போட்டிருந்தார்கள். மோசடி என்ற சொல் ஒரு வாசலைத் திறக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு, அந்தச் சொல்லை மட்டும் பிராதில் பூசி உள்ளே நுழையப் பார்த்த முயற்சி அது. நீதிபதி கிருஷ்ணய்யர், இத்தகைய பிராதைச் சாதுரியமான எழுத்தைக் கண்டு மயங்காமல் அர்த்தத்தோடு படித்து, வழக்குமூலம் இல்லையென்றால் முதல் விசாரணையிலேயே நிராகரிக்கவேண்டும் என்று கீழ்க்கோர்ட்டுகளுக்கு அறிவுறுத்தியதோடு, இப்படிப்பட்ட வழக்குக்குக் கைகொடுக்க மறுப்பது வக்கீலின் கடமை என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

வழக்காடுவதே வியாதியாகிவிட்டவர்களுக்கென்று தனிச் சட்டமும் உண்டு. வேல்ஸ் இளவரசர் முதலான பெரியோர்கள் மீதெல்லாம் வழக்குத் தொடுத்துக்கொண்டிருந்த அலெக்ஸாண்டர் சாஃபர்ஸ் என்ற முன்னாள் வக்கீலின் உபத்திரவத்தால் இங்கிலாந்தில் 1896-இல் ஒரு சட்டம் பிறந்தது. அதைப் பின்பற்றி, சென்னை ராஜதானி 1949-இல் தொல்லை வழக்குத் தடுப்புச் சட்டத்தை இயற்றியது. அட்வகேட் ஜெனரல் விண்ணப்பித்து, உயர் நீதிமன்றம் ஒருவரைப் பற்றித் தீர விசாரித்து உத்தரவிட்டால், அதன்பின் அவர் நகரத்தில் உயர் நீதிமன்றத்தின், வெளியூர்களில் மாவட்ட நீதிபதியின் முன் அனுமதி இன்றி எந்த வழக்கும் தொடுக்கலாகாது. அவருக்கும் கதவு முழுதும் அடைக்கப்படுவதில்லை என்பதைக் கவனிக்கவேண்டும்; கதவருகே ஒருவர் நின்று, கொண்டுவந்த மூட்டையில் புதிதாக ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கிறார், அவ்வளவே.

இத்தகைய மனிதரை எள்ளி நகைப்பது எளிது. ஆனால் அவரோடு சற்று நேரம் பேசிப் பார்த்தவர்கள், அவருடைய மனக்குறையின் வேர், தோற்றதில் இல்லை என்பதை அறிவார்கள். என் பத்திரத்தை அந்த ஜட்ஜு பார்க்கவே இல்லை ஐயா என்பதுதான் அவர் திரும்பத் திரும்பச் சொல்லும் வாக்கியமாக இருக்கும். பார்த்திருக்கலாம், பார்த்தும் ஒதுக்கியிருக்கலாம், ஆனால் ஒதுக்கியதற்கான காரணம் தீர்ப்பில் எழுதப்பட்டிராவிட்டால், பார்க்கவில்லை என்ற எண்ணத்தை அவர் மனத்திலிருந்து அகற்றக்கூடிய கருவி உலகத்தில் எதுவும் இல்லை. காரணம் விளங்கத் தோற்றவனுக்குத் துக்கம் உண்டாகலாம். காரணம் தெரியாமல் தோற்றவனுக்கு உண்டாவது சந்தேகம், சந்தேகம் பெற்றெடுப்பது அடுத்த மனு.

சட்டமே இதை ஓரளவு உணர்ந்திருக்கிறது. உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு தகுதியின் பேரில் தள்ளுபடியான ஒருவர், அதே காரியத்துக்காக 32-ஆவது ஷரத்தின்கீழ் உச்ச நீதிமன்றத்தை நேராக அணுகமுடியாது என்று 1961-இல் தீர்மானமாயிற்று. ஆனால் அந்தத் தள்ளுபடி ஆரம்பத்திலேயே காரணம் ஏதும் எழுதாமல் செய்யப்பட்டிருந்தால் அது தடையாகாது என்று அதே தீர்ப்பு ஒரு வாசலைத் திறந்துவைத்தது. ஒருவருடைய தேக சுதந்திரம் பறிபோயிருக்கும் ஆட்கொணர்வு மனுக்களில், புதிய காரணத்தோடு வருகிறவரை முன்தீர்ப்பைக் காட்டித் திருப்பி அனுப்புவதில்லை. மறுஆய்வும் முடிந்த பிறகு, கடைசிப் புகலாகத் திருத்த மனு ஒன்றை உச்ச நீதிமன்றம் 2002-இல் ஏற்றுக்கொண்டபோதும், அதற்கு முக்கியமாக வகுத்த காரணங்கள், தீர்ப்பால் பாதிக்கப்பட்டவருக்கு நோட்டீஸ் போகாமலே வழக்கு நடந்துவிட்டது என்பதும், நீதிபதியின் பக்ஷபாதமுமே. இவ்விலக்குகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், ஒன்றிலாவது தீர்ப்பு தவறு என்பது மட்டும் போதிய காரணமாக நிற்கவில்லை.

ஆதலால், கேட்டு முடித்த வழக்கைத் திரும்ப எடுத்துக்கொண்டு வருகிறவனைத் தடுப்பது அநியாயம் என்று நான் சொல்லவில்லை. அவனுடைய எதிரிக்கும் ஓர் ஆயுள்தான் உண்டு, அதை வாய்தாவில் கழிக்கும்படி செய்ய எவனுக்கும் உரிமை இல்லை. ஆனால் முன்பே கேட்டாயிற்று என்று சொல்லும் அதிகாரம், கேட்டதனால் சம்பாதிக்கவேண்டிய ஒன்று. பதவியினாலோ முத்திரையினாலோ தானாக வருவதல்ல. தோற்றவன் தன் வாதம் தன் வாயால் சொன்னபடியே நீதிபதியின் எழுத்தில் நிற்பதையும், அதற்கடுத்த வரியில் அது ஏன் செல்லாது என்ற காரணத்தையும், அவன் படித்துப் புரிந்துகொள்ளக்கூடிய பாஷையில் காண்பானாகில், பிடிவாதக்காரர்களான ஒரு சிலரைத் தவிர மற்றவர்கள் வீடு திரும்பிவிடுவார்கள் என்பது என் நம்பிக்கை. 11-ஆம் பிரிவு வழக்காளிக்கு இட்ட விலங்கு என்று மட்டும் நாம் படித்துவந்திருக்கிறோம்; யாக்ஞவல்கியர் இருபுறமும் ஒரே தண்டத்தை நிறுத்தியதை நினைவில் வைத்துப் படித்தால், ஒரே முறைதான் கேட்கப்போகிறோம், ஆகவே முழுவதும் கேட்கக் கடவோம் என்று நீதிமன்றம் தனக்குத்தானே செய்துகொண்ட பிரதிக்ஞையாகவும் அது தெரியவரும்.